கட்டுவிப்போர் கடமை

தமிழ் இலக்கணத்தில் வேற்றுமை படித்த மாணவர் எவரும் மூன்றாம் வேற்றுமைக்குரிய கருத்தா இருவகைப்படும் என்பதை அறிவர். ‘தச்சனால் கோயில் கட்டப்பட்டது’ என்றால் தச்சன் இயற்றுதற் கருத்தா. ‘அரசனால் கோயில் கட்டப்பட்டது’ என்றால் அரசன் ஏவுதற் கருத்தா. உளி பிடித்தவன் ஒருவன். பிடிக்கச் சொன்னவன் மற்றொருவன். இருவரையும் ஒரே உருபால் சுட்டி, கட்டிய பெருமையை இருவர்க்கும் பங்கிட்டுக் கொடுத்தது நம் இலக்கணம்.

பெருமையில் பங்கு உண்டெனின் பொறுப்பிலும் பங்கு உண்டன்றோ? கட்டடம் ஒன்று பயன்படாமற் போனால், வரைந்தவரையும் கட்டியவரையும் உலகம் பழிக்கிறது. ஏவியவர் எதை ஏவினார், தெளிவாக ஏவினாரா, யாரைக் கேட்டு ஏவினார் என்று வினவுவோர் சிலரே. அந்த ஏவலை எழுத்தில் வடித்துக் கட்டடக் கலைஞரிடம் தரும் ஏட்டைத் ‘தேவைக் குறிப்பு’ என்று வழங்கலாம். என்ன வேண்டும், யார் பொருட்டு வேண்டும், எந்த நிலத்தில், எவ்வளவு பணத்தில், எக்காலத்துக்குள் என்பவற்றை முதற்கோடு வரைவதற்கு முன்பே உரைப்பது அது. நல்ல தேவைக் குறிப்பு எத்தகையது என்பதைச் சில கட்டடங்களின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தஞ்சைக் கோயில் காட்டும் நெறி

நம் பழைய சிற்ப நூல்கள் கட்டுவோரைத் தனித்தனியே வகுத்துள்ளன. மயமதம் என்னும் நூல் தபதி, சூத்திரகிராகி, வர்த்தகி, தட்சகன் என நால்வரைக் கூறுகிறது. முழு வேலைக்கும் தலைவன் தபதி. கயிறு பிடித்து அளப்பவன் சூத்திரகிராகி. ஏனையோர் வெட்டுவதும் இணைப்பதும் செய்வோர். இந்நால்வர்க்கும் எதிரே நிற்பவன் கட்டுவிக்கும் கர்த்தா. அவன் வாய் திறந்து தன் விருப்பத்தைக் கூறாமல் தபதி கயிறு பிடிப்பதில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலைப் பாருங்கள். முதலாம் இராசராசனின் 25 ஆம் ஆட்சியாண்டாகிய 1010 இல் அதன் விமானத்திற்குச் செப்புக் குடம் வழங்கப்பட்டது. கோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் பெயர் இடம் பெற்றுள்ளது. ஏவுதற் கருத்தாவும் இயற்றுதற் கருத்தாவும் ஒரே கல்லிற் காணப்படுவது இக்கோயிலின் சிறப்பு.

அதனினும் வியப்பளிப்பது அக்கல்வெட்டுகள் கூறும் செய்தி. கோயிற் பணிக்கென 400 தளிச்சேரிப் பெண்டிர் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுள் யார் எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீட்டில் வாழ்ந்தார் என்பது வரை கல்லில் வெட்டப்பட்டுள்ளது. ஒருவர்க்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் ஒரு பங்கு. அவர் இறந்தாலோ வேறிடம் சென்றாலோ நெருங்கிய உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையேல் தகுதியுடைய வேறொருவரைத் தேர்ந்தமர்த்த வேண்டும். ஒரு விளக்கு அணையாது எரிய எத்தனை ஆடுகள் விட வேண்டும், நாள்தோறும் எத்துணை நெய் அளக்க வேண்டும் என்பதற்கும் விதி உண்டு.

இவை கோயில் எழுந்தபின் வெட்டப்பட்டவை. ஆதலின் இவற்றையே தேவைக் குறிப்பு என்று கூறிவிட முடியாது. ஆயினும் கட்டுவித்தவனின் மனம் இவற்றில் தெளிவாகத் தெரிகிறது. கட்டடத்தில் யார் வாழ்வார், அவர் உணவுக்கு வழி என்ன, அவருக்குப் பின் யார், விளக்குக்கு நெய் எங்கிருந்து வரும் என்பனவெல்லாம் அவன் சிந்தனையில் இருந்தன. கல்லின் உயரத்தோடு அவன் கவலை முடிந்துவிடவில்லை.

தில்லியில் நேர்ந்த பிழைகள்

ஒன்பது நூற்றாண்டுகள் கழித்து இந்தியாவில் மற்றொரு பெருங் கட்டுவிப்பு நிகழ்ந்தது. 1911 டிசம்பர் 12 அன்று தில்லித் தர்பாரில், இந்தியாவின் தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். மறு ஆண்டு நகரமைப்புக் குழு அமைந்தது. எட்வின் லட்யன்ஸ் அதில் ஓர் உறுப்பினர். 1913 இல் ஹெர்பர்ட் பேக்கர் அவரோடு சேர்ந்தார். அரசப் பிரதிநிதியின் மாளிகை லட்யன்ஸுக்கும், இரு செயலகங்கள் பேக்கருக்கும் என வேலை பிரிந்தது.

முதல் எண்ணப்படி ரெய்சினாக் குன்றின் மேல் மாளிகை தனியே உயர்ந்து நிற்க வேண்டும். பின்னர்ச் செயலகங்களையும் அதே மேட்டில் ஏற்ற வேண்டும் என்று பேக்கர் வாதித்தார். அதன்படி மாளிகை மேற்கே தள்ளிப் போயிற்று. குன்றின் மேல் ஏறும் சாலையின் சரிவு பற்றிய உடன்பாட்டில் 1913 இல் லட்யன்ஸும் கையெழுத்திட்டார். வேலை வளர்ந்தபின்தான் அதன் விளைவு அவருக்குத் தெரிந்தது. கீழிருந்து ஏறி வருவோர் கண்ணுக்கு, ஏற்றத்தின் நடுவில் மாளிகை மறைந்து குவிமாடம் மட்டுமே தென்படுகிறது. 1916 முதல் சரிவை மாற்றுமாறு அவர் மன்றாடினார். பெருஞ் செலவாகும் என்று கூறி அரசு மறுத்துவிட்டது. இன்றும் அச்சாலையில் செல்வோர் அக்குறையைக் காணலாம்.

இருவருள் யார் பிழை என்று நூலாசிரியர் பலர் எழுதியுள்ளனர். கட்டுவித்த அரசின் பங்கை ஆராய்ந்தோர் குறைவு. நகரின் தலையாய காட்சி எது, அதை எங்கு நின்று காண வேண்டும் என்பதைக் கட்டுவித்தவர் ஒரே வரியில் உறுதி செய்திருந்தால் இரு கலைஞர்களின் பூசலுக்கு இடமிருந்திராது.

அதைவிடப் பெரிய குறை வேறொன்று. 1912 இல் திட்டமிட்டபோது மக்கள் பேராளர் கூடுவதற்கெனத் தனி மன்றம் வேண்டும் என்ற எண்ணமே எழவில்லை. அத்தகைய மன்றம் அன்றைய ஆட்சிமுறையில் இல்லை. ஆதலின் வரைபடத்திலும் இடம் பெறவில்லை. 1919 ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் ஈரவைகளைத் தோற்றுவித்த பிறகே அதற்கு இடம் தேடினர். 1921 இல் அடிக்கல் நாட்டி, 1927 ஜனவரியில் திறந்தனர். பிற்காலத்தில் இந்திய நாடாளுமன்றமாகப் புகழ்பெற்ற அவ்வட்டக் கட்டடம், நகரின் பேரச்சில் இடமின்றிக் குன்றின் அடிவாரத்தில் ஒரு புறமாக நிற்பதன் காரணம் இதுவே. ஏவியவன் எவரை எண்ணிப் பார்க்கவில்லையோ அவர்க்குக் கட்டடத்தில் நல்லிடம் கிடைப்பதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

லயத்து வீடுகள்

தில்லியில் மாளிகை எழுந்த அதே ஆண்டுகளில் கெடாவில் காடு அழிந்து இரப்பர்த் தோட்டங்கள் பரவின. 1909 இல் சயாமின் மேலாண்மையினின்றும் நீங்கி ஆங்கிலேயர் செல்வாக்கின்கீழ் வந்த மாநிலம் இது. பீடோங், சுங்கைப்பட்டாணி, குருண் வட்டாரங்களில் பால்மரம் வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து வந்தோர்க்குக் கட்டிக் கொடுத்த குடியிருப்பே லயம்.

லயத்துக்கும் ஒரு தேவைக் குறிப்பு இருந்தது. அதை எழுதியோர் இருவர். ஒருவர் தோட்டக் கம்பெனி, மற்றவர் சட்டம். விடியுமுன் பெரட்டுக்கு ஆட்கள் வந்து நிற்க வேண்டும். ஆதலின் வீடுகள் ஒரே வரிசையில் அருகருகே இருக்க வேண்டும். கட்டும் செலவு குறைய வேண்டும். ஆதலின் பல இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய அறைகள் எழுந்தன. 10 அடிக்கு 12 அடி என்பது பரவலாக வழங்கிய அறை அளவு. நோய் பரவக்கூடாது என்பது சட்டத்தின் கவலை. ஆதலின் நீர், கழிப்பிடம், மருத்துவம் பற்றிய விதிகள் வந்தன. கம்பெனிக்கு வேண்டியது உழைக்கும் கை. சட்டத்திற்கு வேண்டியது நோயற்ற உடல். குடும்பம் என்ற ஒன்று இருவர் கண்ணிலும் முதலாவதாகப் படவில்லை.

வயது வந்த மகள் உடை மாற்றுவது எங்கே, புதிதாக மணமானவர் உறங்குவது எங்கே, பாட்டியின் நோய்ப் படுக்கை எங்கே, சாமி மாடம் எங்கே, மழை நாளில் அடுப்பெரிப்பது எங்கே என்று கேட்டு எழுதியவர் இல்லை. எழுதாத அந்தக் குறிப்பைக் குடியிருந்தோர் தாமே சுத்தியலால் எழுதினர். பழைய தகரமும் பலகையும் கொண்டு முன்புறம் ஒரு சாய்ப்பு, பின்புறம் ஓர் அடுக்களை, பக்கத்தில் ஒரு கோழிக்கூடு, சற்றுத் தள்ளி ஒரு முருங்கை. தோட்டத்துத் துரைமார்களிற் பலர்க்கு இவை ஒழுங்கைக் கெடுக்கும் ஒட்டுகள். வரலாறு கற்போர்க்கு இவை ஒவ்வொன்றும் விடுபட்டுப்போன ஒரு வரி.

பள்ளிக்கூடத்தின் கதையும் இத்தகையதே. கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று விதித்தது. தோட்டப் பள்ளிகள் பெருகியதற்கு இவ்விதி பெரிதும் துணை நின்றது. ஆயினும் ‘பள்ளி வேண்டும்’ என்பதோடு தேவை முடிந்துவிட்டது. பல தோட்டங்களில் லயத்து மூலையறை, கோயில் முன்மண்டபம், ஆயாக் கொட்டகையை அடுத்த ஒரு கொட்டில் ஆகியவை பள்ளிகளாயின. ஆறு வகுப்புகள் ஒரே கூடத்தில் ஒருவர் குரலை ஒருவர் விழுங்கும்படி அமர்ந்து படித்தன. எண்ணிக்கையை மட்டும் கூறிய குறிப்புக்கு எண்ணிக்கையை மட்டும் நிறைவேற்றிய கட்டடமே விடையாக வந்தது.

பின்னாளில் சட்டம் தன் குறிப்பைத் திருத்திக்கொண்டது. தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரம் பற்றி 1966 இலும், அதனினும் விரிவாக 1990 இலும் சட்டங்கள் பிறந்தன. தரம் உயர்ந்தது, மறுப்பதற்கில்லை. ஆயினும் வாழ்வோரை அழைத்து வைத்துக் கேட்கும் வழக்கம் சட்டத்தால் மட்டும் வந்துவிடாது.

சண்டிகரும் சிட்னியும்

1947 இல் நாடு பிரிந்தபோது இந்தியப் பஞ்சாப் தன் தலைநகராகிய லாகூரை இழந்தது. புதிய நகருக்கு முதலில் அமெரிக்கர் ஆல்பர்ட் மேயர் திட்டம் வகுத்தார். அவருடன் பணியாற்றிய மாத்யூ நோவிக்கி 1950 இல் விமான விபத்தில் மறைந்தார். அவ்வாண்டின் இறுதியில் நிருவாக அதிகாரி தாப்பரும் தலைமைப் பொறியாளர் வர்மாவும் ஐரோப்பா சென்று லெ கார்புசியே, பியர் ஜானரே, மாக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ ஆகியோரை அமர்த்தினர்.

இவ்விரு அதிகாரிகளின் கையில் தெளிவான குறிப்பு இருந்தது. முதற்கட்டத்தில் 1,50,000 மக்கள், இறுதியில் 5,00,000. அரசு ஊழியர் வீடுகள் முதலமைச்சர் முதல் கடைநிலைப் பணியாள் வரை 13 வகை. ஒவ்வொரு வகைக்கும் செலவு வரம்பு. கடைநிலைப் பணியாள் வீட்டிற்கும் இரண்டு அறை, தாழ்வாரம், அடுக்களை, குளியலறை, கழிப்பறை உண்டு. ஓரறை லயத்தோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். பணம் குறைவு என்பதை மறைக்காமல் முன்னரே கூறியதால், செங்கல்லைக் கொண்டே வெயில் மறைக்கும் சுவர்களையும் காற்றுத் துளைகளையும் கலைஞர் கண்டனர். வரம்பு கலைஞனுக்குப் பகையன்று. மறைத்து வைத்த வரம்பே பகை.

ஆனால் அக்குறிப்பிலும் ஒரு கூட்டம் விடுபட்டது. நகரைக் கட்ட வந்த கூலியாட்களும் தெருவோரச் சிறு வணிகரும் அந்த 13 வகையுள் அடங்கவில்லை. குடிசைகள் திட்டத்திற்கு வெளியே முளைத்தன.

ஆஸ்திரேலியாவின் சிட்னி இசைநாடக அரங்கு வேறொரு பாடம் கற்பிக்கிறது. 1956 இல் உலகப் போட்டி நடந்தது. 1957 ஜனவரியில் டென்மார்க்கின் யோர்ன் உட்சன் வென்றார். பெரிய மண்டபத்தில் 3,000 முதல் 3,500 பேர் வரை அமர வேண்டும். இசைக் கச்சேரிக்கும் ஆப்பெராவுக்கும் அதுவே உதவ வேண்டும் என்றது குறிப்பு. கச்சேரிக்கு நெடிய எதிரொலி வேண்டும். பாடலின் சொல் தெளிவாகக் கேட்க வேண்டிய ஆப்பெராவுக்கு எதிரொலி குறைய வேண்டும். அதற்கு மேடையும் திரையும் பொறிகளும் இடத்தை விழுங்கும். முரண்பட்ட இரு தேவைகளையும் ஒரே மண்டபத்தில் நிறைவேற்ற வேண்டியிருந்தது. வரைபடங்கள் முற்றுப்பெறுமுன் 1959 இல் வேலையைத் தொடங்கினர். 1966 இல் உட்சன் விலகினார். பின்னர்ப் பெரிய மண்டபம் கச்சேரிக்கே ஆயிற்று. ஆப்பெரா சிறிய மண்டபத்துக்குச் சென்றது. 70 இலட்சம் டாலருக்கு ஈடான தொகையில் முடியும் என மதிப்பிட்டது, 1973 இல் திறந்தபோது 10 கோடியே 20 இலட்சம் டாலரை எட்டியது. உலகம் போற்றும் அழகு அதற்கு உண்டு; அந்த அழகால் முரண்பட்ட குறிப்பின் குற்றம் நீங்கிவிடவில்லை.

வாழ்வோரே கட்டுவிப்போர் ஆனபோது

வாழ்வோரே ஏவுதற் கருத்தாவானால் என்ன நிகழும் என்பதற்கு விடை அண்மைக் காலத்தில் ஈழத்திலிருந்து வந்தது. 2009 இல் போர் முடிந்தபின் இந்திய அரசு இலங்கையில் 50,000 வீடுகளுக்கு உதவ முன்வந்தது. முதல் 1,000 வீடுகளை ஒப்பந்தக்காரர் கட்டினர். 2012 அக்டோபர் 2 அன்று வடக்கிலும் கிழக்கிலும் தொடங்கிய பெரிய கட்டம் வேறு முறையில் நடந்தது. குடும்பத்தின் வங்கிக் கணக்கில் 5,50,000 இலங்கை ரூபாய் தவணை தவணையாகச் சேர்ந்தது. அடித்தளம் முடிந்தபின் அடுத்த தவணை, சுவர் எழுந்தபின் மற்றொன்று என வேலையைப் பார்த்துப் பணம் வந்தது. மேற்பார்வைக்குப் பொறியாளர் இருந்தனர். வீட்டுக்காரர் தாமே கொத்தனாரைத் தேடினார், தம் உழைப்பையும் சேர்த்தார். துயரம் இல்லாமல் இல்லை. பணம் போதாமற் கடன்பட்ட குடும்பங்கள் உண்டு. ஆள்துணையற்ற கைம்பெண்கள் பட்ட பாடும் உண்டு. எனினும் அடுப்பு எப்பக்கம், வாயில் எத்திசை என்று எவரும் வெளியிலிருந்து ஆணையிடவில்லை. இவ்வுதவியில் 4,000 வீடுகள் மலையகத் தோட்டங்களில் லயத்தில் வாழ்ந்தோர்க்கென ஒதுக்கப்பட்டன.

இதற்கு மாறான முயற்சியும் அங்கே தோன்றியது. 2015, 2016 ஆம் ஆண்டுகளில் 65,000 எஃகு வீடுகளை ஆலையிற் செய்து கொணர்ந்து பொருத்தும் திட்டம் ஒன்றை இலங்கை அரசு முன்வைத்தது. ஒரு வீட்டிற்குச் சுமார் 21 இலட்சம் ரூபாய் ஆகும் என்றனர். செங்கல் வீட்டிற்கோ அதிற் பாதியளவு போதும் என்பது எதிர்த்தோர் கணக்கு. மாதிரி வீடு பார்த்த வல்லுநரும் ஊராரும் கேட்ட வினாக்கள் எளியவை. விறகடுப்புக்கு இடம் எங்கே? புகை எவ்வழிப் போகும்? வெப்பத்தில் உள்ளே இருக்க முடியுமா? பிள்ளைக்கு மணமானால் ஓர் அறை சேர்த்துக் கட்ட முடியுமா? இவ்வினாக்களுக்கு நிறைவான விடை கிட்டவில்லை. திட்டம் அந்த வடிவில் நிறைவேறவும் இல்லை. அறிஞர் கூட்டி எழுப்பிய பெருந்திட்டத்தை ஓர் அடுப்புக் கேள்வி நிறுத்தி வைத்தது எண்ணிப் பார்க்கத் தக்கது.

நம் குழுக்கள் எழுத வேண்டியவை

மேற்கூறிய வரலாறு தொலைவிலுள்ளோர்க்கு மட்டும் உரியதன்று. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டன. மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர். பிள்ளைகள் அருகிய தோட்டப் பள்ளிகள் பல பட்டணத்துக்கு மாறின. இன்று பள்ளிக்குக் கட்டடக் குழு, கோயிலுக்குத் திருப்பணிக் குழு என்று அமைத்துக்கொண்டு நாமே ஏவுதற் கருத்தாக்களாக நிற்கிறோம். நம்மை எவரும் கேட்கவில்லை என்று மூன்று தலைமுறை குறைகூறிய நாம், நம் முறை வந்தபோது யாரைக் கேட்கிறோம்?

பல குழுக்களின் குறிப்பு ‘இரண்டு மாடி, பன்னிரண்டு வகுப்பறை, ஒரு மண்டபம்’ என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. இது தேவையன்று, விடை. ‘பிற்பகல் வெயிலில் கடைசி வரிசைப் பிள்ளைக்கும் பலகை தெரிய வேண்டும், பெருமழை தகரத்தில் விழும்போதும் ஆசிரியர் குரல் கேட்க வேண்டும்’ என்பது தேவை. விடையைக் கலைஞர் காணட்டும். தேவையைக் கூறுவது நம் கடமை. எத்தனை பிள்ளைகள் என்பதோடு, பத்தாண்டு கழித்து எத்தனை என்பதையும் எழுத வேண்டும். காலையில் பேருந்து எங்கே நிற்கும், மழையில் சபைகூடல் எங்கே, பாலர் வகுப்புப் பிள்ளை கழிப்பறைக்கு எவ்வளவு தூரம் நடக்கும், உணவுச்சாலையில் கை கழுவும் குழாய் எத்தனை என்று ஒரு நாளை விடியல் முதல் மாலை வரை நடந்து பார்த்து எழுத வேண்டும். நிலத்தில் வெள்ளம் எதுவரை ஏறும், எந்த மரத்தை வெட்டக்கூடாது என்பதைக் காட்ட வேண்டும்.

கையிலுள்ள பணம் எவ்வளவு, நன்கொடையாக எதிர்பார்ப்பது எவ்வளவு என்பதைப் பிரித்துக் கூற வேண்டும். கட்டியபின் சாயம் பூசவும் கூரை பழுது பார்க்கவும் ஆண்டுதோறும் பணம் எங்கிருந்து வரும் என்பதற்கும் ஒரு வரி வேண்டும். விளக்குக்கு ஆடு விட்ட சோழன் அதை மறக்கவில்லை. இரு தேவைகள் மோதினால் எது முந்தும் என்பதையும், குழுவின் சார்பில் முடிவு கூறுபவர் யார் என்பதையும் உறுதி செய்ய வேண்டும். ஏழு பேர் ஏழு விதமாக ஏவினால் எத்தபதியும் தடுமாறுவான். இறுதியில் அவ்வேட்டை ஆசிரியரும் பெற்றோரும் மாணவரும் பள்ளியைத் துப்புரவு செய்யும் தொழிலாளியும் கேட்கும்படி உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். விடுபட்டதை அவர்களே கூறிவிடுவர்.

மூன்றாம் வேற்றுமையில் தச்சனும் அரசனும் பெருமையைப் பங்கிட்டுக்கொண்டனர். ‘பொருட்டு’ என்னும் பொருளை இலக்கணம் நான்காம் வேற்றுமைக்கு வைத்தது. லயத்தைக் கட்டியவர் பெயரும் கட்டுவித்த கம்பெனியின் பெயரும் பழைய ஏடுகளில் இருக்கலாம். யாருக்கு என்ற சொல் அங்கே ஆட்கணக்காக மட்டுமே நின்றது. இனி எழும் பள்ளிகளின் குறிப்பில் அச்சொல் முதல் வரியாக நிற்கட்டும்.